முன்பின் தெரியாதவரிடம் பேசிப் பழகுவது எப்படி? முதல் வார்த்தையே தொண்டையில் நிற்கிறது

மேன்ஷன்வாசி கேட்டது:

வணக்கம். வயது 23. தெற்கே ஒரு கிராமத்துக்காரன். ஆறு மாதமாகச் சென்னையில் வேலை. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறை, தரமணியில் அலுவலகம், பறக்கும் ரயிலில் போய் வருகிறேன்.

தெரிந்தவர்களிடம் நன்றாகவே பேசுவேன். ஆள் புதிது என்றால் அவ்வளவுதான். வண்டி எந்தப் பிளாட்பாரத்தில் வரும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க நினைப்பேன், நெஞ்சு படபடக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். டீக்கடையில்கூட விரலைக் காட்டித்தான் டீ வாங்குகிறேன்.

"கூச்சத்தை விடு", "தன்னம்பிக்கையோடு இரு" என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். அதை எப்படி விடுவது என்பதுதான் தெரியவில்லை. எங்கே, யாரிடம் தொடங்குவது? ஒரு நாளைக்கு எத்தனை முறை? என்ன பேசுவது, பேச்சை எப்படி முடிப்பது? எதிரே இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் அப்படியே செய்து பார்க்கிறேன்.

---

ஆல்நிழல்:

"கடைசியில் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, பயம் வளர்கிற இடம் அதுதான். கேட்க நினைத்தீர்கள், படபடத்தது, செல்போனை எடுத்தீர்கள், படபடப்பு சட்டென்று அடங்கியது. "நல்லவேளை, தப்பித்தோம்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்கிறது. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போய்விடுகிறது. அடுத்த நாள் அதே பயம், வட்டியோடு. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் இதை விரிவாக எழுதினார்கள். தற்காப்புக்கென்று செய்கிற சின்னச் சின்ன வேலைகள்தான் பயத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. செல்போனைப் பார்ப்பது, காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது, சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஒத்திகை பார்ப்பது, கண்ணைத் தரையில் போடுவது, விரலைக் காட்டி டீ வாங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

அதனால் முதல் வேலை, சட்டைப் பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு நான்கு கட்டம் போடுங்கள்.

முதல் கட்டத்தில் எங்கே, யாரிடம், என்ன பேசப் போகிறேன். இரண்டாவதில் என்ன கெட்டது நடக்கும் என்று நினைக்கிறேன், அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. மூன்றாவதில் பேசுவதற்கு முன் பயம் எவ்வளவு, 0 முதல் 100 வரை ஒரு எண். நான்காவதைக் காலியாக விடுங்கள். பேசி முடித்த பிறகு, என்ன நடந்தது என்பதை ஒரே வரியில் அங்கே எழுதவேண்டும்.

இரண்டாவது கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். "என்னை முட்டாள் என்று நினைப்பார்" என்று எழுதினால் பயனில்லை. அவர் நினைத்தாரா இல்லையா என்று யாரால் சரிபார்க்க முடியும்? கண்ணால் பார்க்க, காதால் கேட்க முடிகிறதை எழுதுங்கள். "பதில் சொல்லாமல் திரும்பிக்கொள்வார், 70." "சத்தமாகச் சிரிப்பார், 40." நடந்ததா இல்லையா என்று இவற்றை ஒரு நொடியில் சொல்லிவிடலாம். உங்கள் கணிப்பு வரிசையாகப் பொய்யாவதைக் கண்ணெதிரே பார்ப்பதுதான் மருந்து. பயப்படுவதை நேரில் சந்திக்கும் சிகிச்சையைப் பற்றி மிஷல் கிராஸ்க் குழுவினர் 2014இல் எழுதியதன் சாரமும் இதுதான். பயம் குறைந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், எதிர்பார்த்தது நடக்காமல் போனதா என்று பாருங்கள்.

அளவு: ஒரு நாளைக்கு மூன்று பேர், வாரத்தில் ஐந்து நாள். ஒவ்வொன்றும் பத்து நொடி போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஒருவரிடம் பேசிவிட்டு, ஆறு நாள் சும்மா இருந்தால் திங்கட்கிழமை பழையபடிதான்.

முதல் வாரம், ஏற்கெனவே பேசியாகவேண்டிய இடத்தில் ஒரு வரி கூடுதலாகப் பேசுங்கள். டீக்கடையில் விரலைக் காட்டாமல், "அண்ணா, ஒரு டீ, சர்க்கரை கம்மியா." டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா இருந்துச்சுண்ணா." இப்போது எல்லாக் கடையிலும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு, பெட்டி கத்தியதும் வாயைத் திறக்காமலே வந்துவிட முடிகிறது. அந்த வசதியை வேண்டுமென்றே விடுங்கள். "பன்னெண்டு ரூபா அனுப்பிட்டேண்ணா, பாத்துக்கோங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கண்டக்டர், மேன்ஷன் வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், மெஸ்ஸில் பரிமாறுபவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கட்டும். ஒரே டீக்கடையில் மட்டும் பழகினால் அந்த டீக்கடையில் மட்டும்தான் தைரியம் வரும்.

இரண்டாவது வாரம், தகவல் கேட்பது. பிளாட்பாரம், வழி, நேரம். பாரதி சாலையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள் இதற்கு அருமையான இடம். "அண்ணா, தமிழ் நாவல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டால் போதும், அவர்களே இழுத்துப் பேசுவார்கள்.

மூன்றாவது வாரம், கேள்வி இல்லாமல் ஒரு கருத்து மட்டும். "இன்னைக்கு வண்டி ரொம்ப லேட்டு போலயே." இது கேள்வியைவிடக் கடினம். கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் எதிரே இருப்பவருக்கு உண்டு. கருத்துக்கு அது கிடையாது. நான்காவது வாரம், ரயிலில் இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. அதற்குப் பிறகு, ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வருகிற இடம். மெரினாவில் காலை நடைக்கு வருகிறவர்கள், நூலகம், ஷட்டில் கோர்ட்.

அடுத்த படிக்கு எப்போது போவது? பயம் பூஜ்யமாகும்வரை காத்திருக்க வேண்டாம். கடைசி பன்னிரண்டு முயற்சியில் பத்தில் உங்கள் கணிப்பு தவறியிருந்தால் போகலாம். பயம் 50இல் இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இரவு படுத்ததும் "ஏன் அப்படிச் சொன்னேன்" என்று ஓட்டிப் பார்க்கும் வழக்கம் இருக்கும். நான்காவது கட்டத்தை எழுதியதோடு அந்த விசாரணை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிந்ததும், தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்று 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இரவு ஓடுகிற அந்தப் படம் நம்பத் தகுந்தது இல்லை.

---

தேநீர்நேரம்:

ஆல்நிழல் சொன்ன நோட்டு முறை சரி. என்ன பேசறது, எப்படி முடிக்கறதுங்கறதை மட்டும் நான் சொல்றேன்.

முறை வெச்சுக் கூப்பிடறதுல பாதி வேலை முடிஞ்சிடும். கடைக்காரர், ஆட்டோக்காரர், வாட்ச்மேன்னா "அண்ணா". ஆபீஸ் போற ஆள் மாதிரி இருந்தா "சார்". உங்க வயசுப் பையன்னா "ப்ரோ"ன்னாலே போதும். வயசானவங்களை "தாத்தா", "பாட்டி"ன்னு கூப்பிடாதீங்க, சில பேருக்குச் சுருக்குனு இருக்கும். "ஐயா", "அம்மா" எங்கேயும் செல்லும். முப்பது நாப்பது வயசுப் பெண்களை "ஆன்ட்டி"ன்னு சொன்னா பேச்சு அங்கேயே முடிஞ்சுது, "அக்கா"ன்னு சொல்லுங்க. உங்களைவிடச் சின்னவங்கன்னு தெரிஞ்சாலும் முதல்ல "நீங்க, வாங்க"தான். உங்க ஏரியாவுல நிறையக் கடைக்காரங்களை எல்லாரும் "பாய்"னு கூப்பிடுவாங்க. மத்தவங்க கூப்பிடறதைக் கேட்டுட்டு அப்புறம் நீங்களும் கூப்பிடுங்க, முகத்தைப் பாத்து நீங்களா முடிவு பண்ணாதீங்க.

என்ன பேசறதுன்னு வீட்டுலேர்ந்து யோசிச்சுட்டு வராதீங்க. ரெண்டு பேர் கண்ணு முன்னாடியும் இருக்கிற பொருள்லேர்ந்து எடுங்க. முதல்ல பாத்ததைச் சொல்லணும், அதுக்கு ஒரு கேள்வி, அப்புறம் உங்களைப் பத்தி ஒரு துளி. உதாரணத்துக்கு, பக்கத்து ஸீட்காரர் மடியில செடி வெச்சுருக்கார்னு வைங்க.

"செடி நல்லாருக்கே சார், என்ன செடி?"
"செம்பருத்திப்பா."
"மாடியில வெப்பீங்களா? வெயில் தாங்குமா?"
"தொட்டியில வெச்சா தாங்கும், தண்ணி மட்டும் ரெண்டு வேளை ஊத்தணும்."
"ரெண்டு வேளையா? எங்க ஊர்ல வேலியில சும்மாவே கெடக்கும் சார்."

இதுல மூணாவது வரியைப் பாருங்க. அவர் சொன்ன பதிலுக்குள்ளேர்ந்தே அடுத்த கேள்வி வருது. கேரன் ஹுவாங்னு ஒருத்தரும் அவங்க கூட்டாளிகளும் 2017ல பண்ணின ஆய்வுல, இப்படிப் பதிலைத் தொட்டுத் தொடர்ந்து கேக்கறவங்களைத்தான் மத்தவங்களுக்கு அதிகம் பிடிக்குதுன்னு தெரிஞ்சுது. செடியைப் பத்திப் பேசிட்டிருக்கும்போது திடீர்னு "சார் எங்க வேலை பாக்கறீங்க?"ன்னு தாவினா போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். கடைசி வரி முக்கியம். உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம கேட்டுக்கிட்டே இருந்தா அவருக்குச் சந்தேகம் வந்துடும். ரெண்டு கேள்விக்கு ஒரு தடவை உங்க பக்கத்துலேர்ந்து ஒரு வரி போடுங்க.

கேக்கக் கூடாதது: சம்பளம், கல்யாணம், குழந்தை. அப்புறம் ஊர். "எந்த ஊர்?"னு கேக்கறது நம்மகிட்ட சகஜம்தான், மாவட்டத்தோட நிறுத்திக்கணும். "ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு? யார் வீடு?"ன்னு உள்ளே போனா அது சாதியைத் தேடற கேள்வின்னு கேக்கறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். உங்களையே யாராவது அப்படி நோண்டினா, "தெக்கத்திப் பக்கம்தான் சார். சார், இங்க நல்ல பரோட்டா எங்க கிடைக்கும்?"னு சாப்பாட்டுக்குத் திருப்பிடுங்க. பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

முடிக்கறதுக்கு ரயிலைவிட நல்ல இடமே கிடையாது. திருவல்லிக்கேணியில ஏறின உடனே ஆரம்பிச்சா இருபது நிமிஷம் ஓட்டணும், உங்களால முடியாது. கஸ்தூர்பா நகர் தாண்டினதும் ஆரம்பிங்க. இந்திரா நகர், திருவான்மியூர், அடுத்தது தரமணி. ஏழெட்டு நிமிஷம்தான். முடிவு தானா வந்துடும்கறது முன்னாலேயே தெரிஞ்சா ஆரம்பிக்கற பயம் பாதியாக் குறையும். திருவான்மியூர்லேயே பையைத் தோள்ல மாட்டிக்குங்க, அவருக்கும் புரியும். "அடுத்து நம்ம ஸ்டேஷன் சார். வர்றேன்." போறேன்னு சொல்லாதீங்க, வர்றேன்னு சொல்லுங்க. அந்த ஒரு சொல்லுல மரியாதையும் இருக்கு, நாளைக்குப் பாத்தா பேசலாம்கற வாசலும் இருக்கு. ரயில் இல்லாத இடத்துல, "சரிண்ணா, நீங்க வேலையைப் பாருங்க"ன்னா போதும்.

முகத்தைத் திருப்பிக்கிட்டா? ஒரு வார்த்தைப் பதில் ரெண்டு தடவை வந்தா நிறுத்திடுங்க. இயர்போனை எடுத்து மாட்டினா, உடம்பை ஜன்னல் பக்கம் திருப்பினா, பாதிப் பேச்சுல செல்போனுக்குப் போனா அதுவும் அதே அர்த்தம்தான். அவர் வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்கலாம், தூக்கம் வரலாம், பேசப் பிடிக்காம இருக்கலாம். ஒரு தலையாட்டு ஆட்டிட்டு நீங்களும் ஜன்னலைப் பாருங்க. நோட்டுல "பேச விரும்பலை"ன்னு மட்டும் எழுதுங்க. "என்னைப் பிடிக்கலை"ன்னு எழுதாதீங்க, அது உங்களுக்குத் தெரியாத விஷயம்.

---

மேன்ஷன்வாசி:

இருவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம்.

ஒன்று, குரல். வாயைத் திறந்தால் முதல் எழுத்து வராமல் நிற்கிறது. வந்தாலும் மெதுவாக வருகிறது. "என்னது?" என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் முகமெல்லாம் சூடாகிவிடும், மறுபடி சொல்ல வராது. இரண்டு, என் தங்கை கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்கும் இதே கூச்சம். பெண்களுக்கு இதே படிகள் சரிவருமா?

---

வைகைக்கரை:

குரல் சம்பந்தமாக.

படபடப்பு வரும்போது மூச்சை உள்ளே இழுத்து அப்படியே பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் இயல்பு. குரல்நாண்கள் இறுகி மூடிக்கொள்ளும், அதன்மேல் சொல்லைத் தள்ளப் பார்த்தால் முட்டும். பேசுவதற்கு முன் மூச்சைக் கொஞ்சம் வெளியே விடுங்கள், பெருமூச்சு மாதிரி, சத்தமில்லாமல். அந்த மூச்சின் வாலிலேயே சொல்லைத் தொடங்குங்கள். ஆழமாக, வேகமாக ஐந்தாறு தடவை மூச்சு இழுக்கவேண்டாம். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும்.

நம் மொழியிலேயே ஒரு வசதி இருக்கிறது. "அண்ணா", "அக்கா", "ஐயா", "அம்மா" எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகிறவை. வாயைத் திறந்து காற்றை விட்டாலே ஒலி வந்துவிடும். "பிளாட்பாரம்", "டிக்கெட்" போல உதட்டையோ நாக்கையோ மூடித் திறக்கிற சொற்களில்தான் முதல் எழுத்து மாட்டிக்கொள்ளும். அதனால் "அண்ணா" என்று முதலில் தனியாகச் சொல்லுங்கள். நிறுத்துங்கள். அவர் திரும்பிப் பார்க்கட்டும், ஒரு நொடி ஆகும். பிறகு கேள்வியைக் கேளுங்கள். அவர் திரும்புமுன் மொத்த வாக்கியத்தையும் கொட்டிவிடுவதால்தான் பாதி நேரம் "என்னது?" வருகிறது. குரல் சின்னது என்பது அடுத்த காரணம்தான்.

மூன்றாவது காரணம், வாக்கியத்தின் வால். தமிழில் கேள்வி கடைசி எழுத்தில் இருக்கிறது. "இந்த வண்டி வேளச்சேரி போகுமா?" என்பதில் "மா" காதில் விழாவிட்டால் அது கேள்வியே இல்லை. கூச்சப்படுகிறவர்கள் எல்லோரும் தொடக்கத்தில் சத்தமாக ஆரம்பித்து வாலை விழுங்குவார்கள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லிப் பழகுங்கள். "போகுமாண்ணா?" என்று முடித்தால் தானாகவே நீளும்.

பயிற்சி: அறையில் செல்போனை எதிர்ச்சுவர் ஓரம் வைத்து ரெக்கார்ட் போடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று செய்தித்தாளைப் பத்து நிமிடம் வாய்விட்டு வாசியுங்கள். மின்விசிறி முழு வேகத்தில் ஓடட்டும், ரயில் இரைச்சலுக்கு அது மாற்று. கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல் தெளிவாக விழுகிறதா. குரல் இனிமையாக இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினால் அது வேறு வியாதி. கண்ணாடி முன் நின்று பழகுவதையும் விட்டுவிடுங்கள். உங்கள் கவனம் ஏற்கெனவே உங்கள்மேல்தான் அளவுக்கு மீறி இருக்கிறது.

"என்னது?" என்றால் அதே வாக்கியத்தை மறுபடி முழுசாகச் சொல்லவேண்டாம். ஒரே சொல்லில் சுருக்குங்கள். "வேளச்சேரி வண்டியா?" போதும்.

முகம் சூடாவது உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு வெளியே தெரியாது. 2000இல் தாமஸ் கிலோவிச் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு பாடகரின் படம் பெரிதாகப் போட்ட டி ஷர்ட்டை மாட்டி, பலர் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று மாட்டிக்கொண்ட மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிதான்.

காலையில் வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி குடித்துவிட்டு இந்தப் பயிற்சிக்குப் போகாதீர்கள். காபியின் படபடப்பையும் பயம் என்றே எண்ணிக்கொள்வீர்கள்.

தெரிந்தவர்களிடம் பேசும்போதும், தனியாக வாசிக்கும்போதும்கூட எழுத்து மாட்டினால் அது திக்குவாயாக இருக்கலாம். அதற்குப் பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள், இந்தப் படிகள் மட்டும் போதாது.

---

மல்லிச்சரம்:

தங்கைக்காக எழுதுகிறேன். நோட்டும் படிகளும் அப்படியே சரிவரும். ஆள், இடம், நேரம் மூன்றும் மாறும்.

பெண்களோடு தொடங்கட்டும். டவுன் பஸ்ஸில் பெண்கள் பக்கம், ரயிலில் மகளிர் பெட்டி, கோயில் பிரசாத வரிசை, தையல் கடை, அழகு நிலையம். 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், எந்த நேரத்தில் ஏறினாலும் வேலைக்கும் சந்தைக்கும் போகிற அக்காக்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கூடையில் இருப்பதைப் பற்றிக் கேட்டால் பேச்சு ஓடும். "கீரை நல்லா பச்சையா இருக்கேக்கா, எங்க வாங்கினீங்க?"

எல்லாவற்றையும்விட எளிது பூக்காரம்மா. முழம் போட்டு அளக்கும் அந்த அரை நிமிடம் உங்கள் கை சும்மாதான் இருக்கும், அவருக்கும் வாய் சும்மாதான் இருக்கும். "மல்லி ஏன்மா இன்னைக்கு இவ்ளோ வெல?" என்று கேளுங்கள். மார்கழி, தை என்றால் பனியில் மொட்டு குறைந்துவிட்டது என்பார். முகூர்த்த நாள் என்றால் அதைச் சொல்வார். எந்தக் காலத்திலும் பதில் இருக்கிற கேள்வி அது. பேரம் பேசுவதைப் பயிற்சியாக வைக்கவேண்டாம், அது அவர் வயிற்றுப்பாடு.

எல்லைகளை முன்னாலேயே முடிவு செய்யட்டும்: பகல் நேரம், ஆள் நடமாட்டம் உள்ள இடம். விடுதிப் பெயர், தினமும் வருகிற நேரம், செல்போன் எண், இன்ஸ்டாகிராம் முகவரி மூன்றாம் மனிதருக்குக் கிடையாது. அன்பாகப் பேசிவிட்டோமே, எண் கேட்டால் எப்படி மறுப்பது என்ற தயக்கம் வரும். அதனால் மறுப்பதையும் தனிப் படியாக வைத்துப் பழகவேண்டும். காரணம் சொல்லாமல், "இல்லைங்க, நம்பர் தர்றதில்லை." காரணம் சொன்னால் அந்தக் காரணத்தோடு வாதம் செய்வார்கள். கடையில் "இன்னொரு டிசைன் பாருங்கம்மா" என்னும்போது "வேண்டாங்க, போதும்" என்று சொல்வது இதற்கு நல்ல தொடக்கம். யாராவது பின்தொடர்ந்தாலோ தொல்லை கொடுத்தாலோ பயிற்சி அங்கே முடிந்தது. கண்டக்டர், கடைக்காரர் பக்கம் போய் நிற்கவேண்டும். மகளிர் உதவி எண் 181.

மேன்ஷன்வாசிக்கும் இதில் பங்கு உண்டு. இந்தப் பேச்சு வந்தாலே ஆல்பர்ட் எல்லிஸ் கதையை யாராவது எடுத்துவருவார்கள். பின்னாளில் பெயர்பெற்ற அந்த உளவியலாளர், 19 வயதில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரே மாதத்தில் 130 பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாராம். 30 பேர் உடனே எழுந்து போனார்கள், மீதி 100 பேரிடம் பேசினார், ஒருவர் மட்டும் சந்திக்க ஒப்புக்கொண்டு வராமல் போனார். அவரே சொன்ன கணக்கு இது. திரும்பத் திரும்பச் செய்தால் பயம் போகும் என்ற பாடம் சரி. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது தவறு. எழுந்துபோன அந்த 30 பேருக்கும் அன்று அந்தப் பெஞ்சு போய்விட்டது. தனியாக நிற்கிற பெண், இருட்டின பஸ் நிறுத்தம், லிஃப்ட், காலியான ரயில் பெட்டி, இவை எதுவும் உங்கள் பட்டியலில் வரக்கூடாது. கவுண்டருக்குப் பின்னால் வேலை பார்க்கிற பெண்ணால் எழுந்து போகவும் முடியாது. அங்கே வேலை சம்பந்தமான ஒரு வரி, ஒரு நன்றி, அதோடு சரி. பின்னால் வரிசை நின்றால் அந்த ஒரு வரியும் வேண்டாம்.

---

நீலச்சீட்டு:

யாரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நோட்டும் டீக்கடையும் போதாத நிலை ஒன்று உண்டு, அதை அடையாளம் காணத் தெரியவேண்டும்.

கூச்சம் பலருக்கு இருக்கிறது, அது நோய் இல்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ பயம் விடாமல் இருந்து, அதனால் நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் இருப்பது, மெஸ்ஸில் மற்றவர்கள் முன் சாப்பிட முடியாமல் பட்டினி கிடப்பது, அலுவலகக் கூட்டத்தன்று விடுப்பு போடுவது, குடித்தால்தான் பேச்சு வரும் என்றாகிவிடுவது, இப்படி வாழ்க்கையே சுருங்கத் தொடங்கினால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸ்பின் என்ற கேள்வித்தாளில் 17 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 68. 19க்கு மேல் வந்தால் ஒருவரைப் பார்ப்பது நல்லது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அது முதல் சல்லடை மட்டுமே, நோய் உண்டா என்று மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

இதற்கு நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை), வாரம் ஒரு அமர்வாகப் பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வு. ஆல்நிழல் எழுதிய நோட்டும் அந்தச் சிகிச்சையிலிருந்து வந்ததுதான், அங்கே உங்களுக்கென்று அளந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். மேடைப் படபடப்புக்கு நண்பர் தந்தார் என்று ப்ரோப்ரனலால் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

எங்கே போவது? டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கும், தங்கைக்குக் கோவையிலும் உண்டு. முதல் தடவை போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போங்கள். வாயால் சொல்ல வராததை மருத்துவர் அதில் படித்துக்கொள்வார்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வேலைக்குப் போகிறீர்கள், நண்பர்களிடம் பேசுகிறீர்கள். ஆறு வாரம் படிகளைச் செய்து பாருங்கள். அப்போதும் நோட்டில் ஒன்றுமே மாறவில்லை என்றால் 14416ஐ அழைக்கலாம்.

---

ஆல்நிழல்:

நீலச்சீட்டு சொன்ன ஆறு வாரக் கணக்கு எனக்கும் சரி. "முன்பின் தெரியாதவர் பேச விரும்பமாட்டார்" என்ற நினைப்பைப் பற்றி இன்னும் இரண்டு செய்தி. 2014இல் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்து ஆளிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல விட்டார்கள். பேசுவதுதான் மோசமான பயணமாக இருக்கும் என்று பயணிகள் கணித்தார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் புதியவர்களிடம் பேசியவர்களுக்குப் புறக்கணிப்புப் பயம் குறைந்தது, தன்னால் பேச முடியும் என்ற நம்பிக்கை கூடியது. அந்த வாரம் முடிந்து இன்னொரு வாரம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் நிலைத்திருந்தது. ஒரே நாளோடு விட்டுவிடாமல் வாரத்தில் ஐந்து நாள் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாளைக் காலைக்கான முதல் மூன்று வரிகளை இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். மாதிரி:

டீக்கடை, மாஸ்டர். "ஒரு டீ, சர்க்கரை கம்மியா." / காதில் விழாமல் எரிச்சலாக "என்ன?" என்பார், 60. / பயம் 45. / ____

மேன்ஷன் வாட்ச்மேன். "சாப்டீங்களாண்ணா?" / பதில் சொல்லாமல் பார்ப்பார், 50. / பயம் 40. / ____

திருவல்லிக்கேணி பிளாட்பாரம், செல்போன் பையில், இயர்போன் அறையில். "அண்ணா... வேளச்சேரி வண்டி இந்தப் பக்கம்தானா?" / திரும்பிக்கொள்வார், 70. / பயம் 75. / ____

எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும், என்னுடையதைப் பார்த்து எழுதவேண்டாம். மூன்றாவது வரியின் கடைசிக் கட்டத்தை வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் நிரப்புங்கள், அலுவலகம் போய் எழுதலாம் என்று வைக்காதீர்கள். அதற்குள் மனசு கதையை மாற்றிவிடும்.